வெள்ளி ரூபாய்க்குப் பேரம் பேசும்போது

பழைய வெள்ளி ரூபாயை ஆன்லைனில் விற்கப் போகிறீர்களா? முதலில் அடிமட்ட விலையைக் கணக்குப் போட்டு வையுங்கள். பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தலை பதித்த ரூபாய் 11.66 கிராம்; 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது, சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. விற்கும் நாளின் வெள்ளி விலைப்படி அதற்கு வரும் தொகைக்குக் கீழே இறங்கவே வேண்டாம். 1940-45 ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி, கவனம்.

“லாஸ்ட் ரேட் என்ன?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்பவரிடம், “நீங்க எவ்வளவு தருவீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். குறைத்தால் ஒரே தடவை; அப்புறமும் இழுத்தால் கூரியர் செலவை ஏற்றுக்கொள்ளலாம். நாணயத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அதைக் காட்டியே விலையை அடித்துவிடுவார்கள்.

பேரமே பேசாமல் சம்மதித்து, பணம் வர க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்கிறாரா? பிளாக் செய்யுங்கள். பணம் வாங்க ஸ்கேனும் யுபிஐ பின்னும் தேவையே இல்லை.