சிக்னல் இல்லாத மலையில் உதவி கேட்பது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒருவருக்குக் கால் முறிந்தால் தூக்கிவர ஹெலிகாப்டர் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறும் வனக் காவலர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், தீயணைப்பு வீரர்கள், அவர்களுக்கு வழிகாட்டும் உள்ளூர்க்காரர்கள், இவர்கள்தான் வருவார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலைத் தீயில் சிக்கியவர்களுக்காக விமானப் படை ஹெலிகாப்டர்கள் வந்தது உண்மைதான். அது 20 பேருக்கு மேல் உயிரிழந்த பெருவிபத்து. வழுக்கி விழுந்து முட்டி பிசகிய ஒருவருக்கு அதெல்லாம் வராது.

நேரக் கணக்கைப் பாருங்கள். நீங்கள் 4 மணி நேரம் ஏறிய இடத்துக்கு அவர்கள் வேகமாக ஏறினாலும் 3 மணி நேரம் ஆகும். ஆட்களைத் திரட்டவே 1, 2 மணி நேரம் போய்விடும். அடிபட்டவரை டோலி கட்டி இறக்கும்போது, சரிவான ஒத்தையடிப் பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பகல் 2 மணிக்கு விழுந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நள்ளிரவு தாண்டும், சில சமயம் மறுநாள் காலையும் ஆகும். செய்தி சீக்கிரமாக, சரியான இடக்குறிப்போடு கீழே போய்ச் சேர வேண்டும். ஆட்கள் வரும்வரை ஓர் இரவைத் தாக்குப்பிடிக்கும் பொருட்கள் உங்கள் பையில் இருக்க வேண்டும்.

கிளம்பும் முன்பு

அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்; அனுமதி வாங்கிப் போனால் நீங்கள் மேலே இருப்பது வனச்சரக அலுவலகத்துக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் இணையத்திலேயே பதிவு செய்யலாம், உள்ளூர் வழிகாட்டியும் கூட வருவார். காட்டுத்தீக் காலத்தில், பொதுவாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, பாதைகளை மூடிவிடுவார்கள். ‘தெரிந்தவர் கூட்டிப்போகிறேன் என்கிறார்’ என்று அந்த நேரத்தில் ஏறுவது மகா தவறு.

அடுத்தது, கீழே இருக்கும் ஒருவர். இவர் வீட்டிலோ ஊரிலோ இருக்கும், போன் எடுக்கக்கூடிய, பதறாத ஆள். குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பத்துப் பேருக்குச் சொன்னால் ஒருவரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். அந்த ஒருவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

‘சனிக்கிழமை காலை 6 மணிக்குக் குரங்கணியிலிருந்து கொழுக்குமலை ஏறுகிறோம். அதே வழியில் திரும்புகிறோம். 4 பேர், பெயரும் ரத்த வகையும் கீழே. வண்டி குரங்கணி செக்போஸ்ட் பக்கம் நிற்கிறது, எண் கீழே. இருவர் ஆரஞ்சு நிறச் சட்டை. மாலை 5 மணிக்குக் கீழே வந்து கூப்பிடுவோம். 7 மணி வரை அழைப்பு வராவிட்டால் இந்த வனச்சரக எண்ணுக்குப் பேசு. 8 மணிக்கும் தகவல் இல்லையென்றால் அவசர உதவி எண் 112.’

இதில் உயிர்நாடி அந்த 7 மணிக் கெடுதான். ‘சாயங்காலம் வந்துவிடுவோம்’ என்று மட்டும் சொல்லிப் போனால், வீட்டில் இருப்பவர் சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று இரவு 11 மணிவரை காத்திருப்பார். வனச்சரக அலுவலக எண்ணை முதல் நாளே வாங்கிக் காகிதத்திலும் எழுதிவையுங்கள். வழியை மாற்றினால், சிக்னல் இருக்கும்போதே அவருக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாத வழியில் போனவரை மொத்தக் கூட்டமும் வேறு மலையில் தேடிக்கொண்டிருக்கும்.

திரும்பும் நேரத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் பகல் 1 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். சூரியன் 6 மணிக்கு மேல் மறைந்தாலும் சோலைக்காட்டுக்குள் ஐந்தேகால் மணிக்கே பாதை தெரியாது. பிற்பகலில் மேகம் இறங்கினால் அதற்கும் முன்பே.

பையில் என்ன இருக்க வேண்டும்

பகல் நடைதான் என்றாலும் இவற்றை விடாதீர்கள். தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரியோடு. போன் டார்ச்சை நம்பினால், உதவி கேட்க வேண்டிய நேரத்தில் போனே இருக்காது. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், அதற்கான வயர். விசில். 2 மீட்டருக்கு 2 மீட்டர் கெட்டியான பிளாஸ்டிக் தாள். உலர்ந்த ஒரு கம்பளிச் சட்டை, நீர் புகாத உறையில். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், 4 ஓஆர்எஸ் பாக்கெட். ஒரு பாக்கெட்டை அதன்மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் (பெரிய பாக்கெட் என்றால் 1 லிட்டர்) முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதியைப் பாட்டிலில் கொட்டிக் குடிப்பது சரியல்ல. அகலமான கிரேப் பேண்டேஜ் இரண்டு, வெள்ளைத் துணி, டேப். ஒரு பழைய லுங்கி அல்லது வேட்டி: தூளி, தொட்டில், தலைக்கட்டு, சிம்புக் கட்டு (முறிந்த எலும்பு அசையாமல் குச்சி வைத்துக் கட்டுவது) எல்லாமாகவும் உதவும்.

விசிலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டிவிடும். காற்றும் அருவிச் சத்தமும் மனிதக் குரலை விழுங்கும். விசில் அப்படியல்ல, படுத்த நிலையிலும் ஊதலாம். உள்ளே உருண்டை இல்லாத விசிலாகப் பார்த்து வாங்குங்கள், உருண்டை நனைந்தால் சிக்கிக்கொள்ளும். பைக்குள் போடாமல் தோள்பட்டியில் மாட்டுங்கள். விழும்போது பை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் போவது சகஜம்.

வெளிநாட்டில் மலையேறுபவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் மெசஞ்சரையும் சாட்டிலைட் போனையும் இங்கே கொண்டுவர வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்; தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். புதிய ஐபோன்களில் உள்ள சாட்டிலைட் அவசர வசதியும் இங்கே வேலை செய்யாது.

இடத்தைச் சொல்லும் இரண்டு எண்கள்

போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஏரோபிளேன் மோடிலும் பெரும்பாலான போன்களில் வேலை செய்யும். மேப்பில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் 10.0790, 77.2350 என்பதுபோல இரண்டு எண்கள் வரும். அதைத்தான் கீழே அனுப்ப வேண்டும். வனப்பகுதி மேப்பை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்து, இந்த எண்ணை எடுக்க வாசலில் நின்று ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

எண் சரிதானா என்று பார்க்க எளிய வழி: தமிழ்நாட்டில் முதல் எண் 8-க்கும் 14-க்கும் நடுவில், இரண்டாவது 76-க்கும் 81-க்கும் நடுவில் இருக்கும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் சொன்னால் ஏறத்தாழ 10 மீட்டர் துல்லியம். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை பிசகும், மலையில் அது அடுத்த பள்ளத்தாக்கு. இன்னொரு குழப்பமும் உண்டு. சில செயலிகள் டிகிரி, நிமிடம், நொடி என்று காட்டும். 10 டிகிரி 30 நிமிடம் என்பது 10.50. அதை யாராவது 10.30 என்று எழுதிக்கொண்டால் தேடும் இடம் 22 கிலோமீட்டர் தள்ளிப்போகும். ‘புள்ளி’ என்ற சொல்லை உரக்கச் சொல்லுங்கள், எதிர்முனையில் எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். அடர்ந்த மரத்தடியில் முதலில் வரும் எண் தவறாக இருக்கலாம்; வானம் தெரியும் இடத்தில் இரண்டு நிமிடம் நின்றபிறகு எடுங்கள்.

112-ல் என்ன பேசுவது

112-ஐ அழைத்தால், உங்கள் நெட்வொர்க்குக்கு டவர் இல்லாவிட்டாலும் அருகில் எந்த நிறுவனத்தின் டவர் கிடைக்கிறதோ அதன் வழியாக இணைக்கப் போன் முயலும். எனவே திரையில் ‘எமர்ஜென்சி மட்டும்’ என்று வந்தாலும் அழைத்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் மட்டும் போதுமென்றால் 108. ஆனால் 108 வண்டி சாலை முடியும் இடம்வரைதான் வரும். மேலேறி வர ஆள் வேண்டுமென்றால் 112, கூடவே வனச்சரக அலுவலகம்.

எதிர்முனையில் பேசுபவர் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர். உங்கள் மலையை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ‘மூணாவது வளைவு தாண்டி ஒரு பாறை’ என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. எல்லையோர மலையில் போன் கேரள டவரைப் பிடித்திருந்தால் அழைப்பு அந்த மாநிலத்துக்கும் போகலாம். ஆகவே மாநிலத்திலிருந்து தொடங்குங்கள். அழைப்பு எந்த நொடியும் அறுந்துபோகலாம் என்பதால் இந்த வரிசையில்:

‘சார், தமிழ்நாடு, தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் தாலுகா. குரங்கணியிலிருந்து கொழுக்குமலை போகும் நடைபாதை. இடம் பத்து புள்ளி பூஜ்யம் ஏழு ஒன்பது பூஜ்யம், எழுபத்தேழு புள்ளி இரண்டு மூன்று ஐந்து பூஜ்யம். ஒருவருக்குக் கால் முறிவு, 35 வயது, ஆண், நினைவு இருக்கிறது, நடக்க முடியாது. மொத்தம் 4 பேர். தூக்கிப்போக ஆள் வேண்டும். இந்தப் போனில் சார்ஜ் இன்னும் 4 மணி நேரம் தாங்கும்.’

முதலில் இடம், பிறகு காயம். பலர் விழுந்த கதையை விரிவாகச் சொல்ல ஆரம்பித்து, இடத்தைச் சொல்வதற்குள் லைன் போய்விடும். அழைப்பு கிடைக்காவிட்டாலோ அறுந்துகொண்டே இருந்தாலோ இதே வாசகத்தைக் கீழே இருக்கும் உங்கள் ஆளுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பேச முடியாத அளவு மெலிந்த சிக்னலிலும் எஸ்எம்எஸ் நழுவிப் போய்விடும். வாட்ஸாப்புக்கு டேட்டா வேண்டும், அதை நம்ப முடியாது.

அனுமதியில்லாமல் ஏறியதற்கு அபராதம் போடுவார்கள் என்று பயந்து அழைக்காமல் இருட்டும்வரை தாமதிப்பவர்கள் உண்டு. அபராதத்தை அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

சிக்னலே இல்லையென்றால்

ஓடையும் பள்ளமும் பயன்படாது. சமவெளியோ தேயிலைத் தோட்டமோ கண்ணுக்குத் தெரியும் முகடுதான் வேண்டும். இரண்டு சிம் இருந்தால் வெவ்வேறு நிறுவனமாக வைத்திருங்கள். சில மலைக் கிராமங்களில் பிஎஸ்என்எல் மட்டும்தான் எடுக்கும். சிக்னல் தேடும் நேரத்தில்தான் போன் அதிக சார்ஜ் குடிக்கும். ஏரோபிளேன் மோடில் வைத்து, ஒவ்வொரு மணியும் தொடங்கும்போது 5 நிமிடம் மட்டும் திறங்கள். கீழே இருப்பவருக்கும் இந்த வழக்கத்தை முன்பே சொல்லியிருந்தால் அவரும் சரியாக அந்த நேரத்தில் கூப்பிடுவார்.

நான்கு பேர் என்றால் ஒருவர் அடிபட்டவரோடு இருக்க, இருவர் சேர்ந்து கீழே போக வேண்டும். தனியாக அனுப்பினால் அவரையும் தேட வேண்டிவரும். போகிறவர்கள் கையில் இட எண், காயம், நேரம் எல்லாம் எழுதிய காகிதம் இருக்கட்டும். பதற்றத்தில் மனப்பாடம் நிற்காது. பாதையிலிருந்து அடிபட்டவர் விலகிக் கிடந்தால், பாதையோரக் கிளையில் பளிச்சென்ற துண்டோ துப்பட்டாவோ கட்டிவிட்டுப் போங்கள்.

இருக்கிறவர் விசில் ஊத வேண்டும்: ஒரு நிமிடத்துக்குள் 6 முறை, 10 நொடிக்கு ஒன்றாக, அடுத்த ஒரு நிமிடம் அமைதி, மறுபடி 6. இது மலையேறுபவர்களின் சர்வதேச ஆபத்துக் குறி. நிமிடத்துக்கு 3 முறை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். இந்தக் கணக்கு தெரியாத ஊர்க்காரருக்கும் சீரான இடைவெளி ‘இது பறவையல்ல, ஆள்’ என்று புரியவைக்கும். இரவில் டார்ச்சை இதே கணக்கில் மின்னவிடுங்கள். அந்த அமைதி நிமிடத்தை விட்டுவிடாதீர்கள், பதில் அப்போதுதான் காதில் விழும்.

வழி தவறியிருந்தால் நின்றுவிடுங்கள். ‘ஓடையோடு இறங்கினால் ஊர் வரும்’ என்ற அறிவுரையை இந்த மலையில் கேட்காதீர்கள். ஓடை அருவியாகிப் பாறை விளிம்பில் முடியும், இறங்கிய வழியில் ஏறவும் முடியாது. அகலமாக, சுத்தமாக ஒரு பாதை திடீரென்று தென்பட்டால் அது யானைத் தடமாக இருக்கும். சாணியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரவைக் கழிப்பது

நீலகிரியிலோ ஆனைமலையிலோ உயரத்தால் மூச்சுத்திணறுவது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயரமான சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். ஆளை வீழ்த்துவது ஈரமும் காற்றும். நனைந்த பருத்திச் சட்டையோடும் ஜீன்ஸோடும் காற்றில் உட்கார்ந்தால் 12, 15 டிகிரியிலேயே உடல் விறைக்கத் தொடங்கும். ஈரத்தைக் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள். பையை மடித்து அதன்மேல் உட்காருங்கள், தரைதான் சூட்டை உறிஞ்சும். பிளாஸ்டிக் தாளால் தலையோடு மூடுங்கள், முகம் மட்டும் வெளியே. நடுக்கம் நின்று பேச்சு குழறினால் நிலைமை மோசம். அவரை நடுவில் வைத்து இரு பக்கமும் ஆட்கள் ஒட்டிக்கொள்ள வேண்டும். மது தரவே கூடாது.

விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் இடம், யானைத் தடம், புதுச் சாணி கிடக்கும் இடம் மூன்றையும் விட்டு விலகி, பெரிய பாறையில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மழைக்காலத்தில் ஓடைக்கரை வேண்டவே வேண்டாம். மேலே எங்கோ பெய்த மழை இங்கே நிலா வெளிச்சத்திலும் வெள்ளமாக வரும். தெளிந்த நீர் சட்டென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள்.

சில ஆபத்துகள், சுருக்கமாக

பாம்பு கடித்தால் கட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள். கொலுசு, மோதிரம், காலணியைக் கழற்றி, எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் சிம்பு வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிவாருங்கள். கடித்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கும். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

மலைத்தேனீ கிளம்பினால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடி, நிற்காமல் ஓடுங்கள். தண்ணீருக்குள் குதிக்காதீர்கள், தலை தூக்கும்வரை மேலேயே சுற்றும். கொடுக்கை உடனே நகத்தால் வழித்து எடுங்கள். மூச்சு இரைத்தால் நிமிடங்கள்தான் அவகாசம். பாறைத் தேன்கூட்டுக்குக் கீழே புகையும் வாசனைத் திரவியமும் கூடாது.

காட்டுத்தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும், ஏனென்றால் சுவாலை மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். எனவே மேலே ஓடாமல் பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஓடைப் படுகைக்கோ ஏற்கெனவே எரிந்த கருந்தரைக்கோ போங்கள். ஆளுயரக் காய்ந்த புல்லுக்குள் ஒளியாதீர்கள்.

இருட்டிய பிறகு தட்டுத்தடுமாறி நீங்களே ஊருக்கு வந்துவிட்டால், வண்டியேறும் முன்பு 112-க்கும் வனச்சரகத்துக்கும் கீழே காத்திருப்பவருக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, யானை நடமாடும் காட்டில் பத்துப் பேர் டார்ச்சோடு உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.