எண்ணூர்க் கழிமுகச் சேற்று நத்தையை அடையாளம் காணும் முறை

கொசஸ்தலை ஆறு வங்கக் கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில் நீர் வற்றும்போது, அலையாத்தி மரங்களின் ஓரத்திலும் திறந்த சேற்றுப் பரப்பிலும் கூம்பு வடிவ நத்தைகள் ஊர்வதைக் காணலாம். அவற்றுள் பைரெனெல்லா சிங்குலாட்டா என்னும் சிற்றினத்தைக் கண்டறியும் வழியை இங்கே தருகிறேன்.

முதலில் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் கரையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இறங்குகிறது. அந்த நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகம் வற்றுவதால் சேறும் அதிகமாக வெளிப்படும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களில் கால் புதையும் என்பதால், அப்பகுதியை அறிந்த மீனவர் ஒருவருடன் செல்வதே நல்லது.

அடுத்து, நத்தையைத் தொடுமுன் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஈரம் காயாத மென்சேற்றில், மேற்பரப்பில் படிந்திருக்கும் நுண்பாசிகளையும் மட்கிய பொருள்களையும் மேய்ந்தபடி, தடம் பதித்துச் செல்வது இதன் இயல்பு. வெயில் ஏறினால் உடலை உள்ளிழுத்து ஓட்டின் வாயை மூடிக்கொள்ளும். அண்மைக் காலத்தில் மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் அயல்நாட்டுச் சிப்பி, அடித்தளத்தின் மேல் கம்பளம்போல் படர்ந்து சேற்றை மறைத்துவிடுகிறது. அத்தகைய இடங்களைத் தவிர்த்து, வெறும் சேறு தெரியும் பகுதியில் தேடுங்கள்.

இனி ஓட்டைப் பாருங்கள்; அடையாளத்தின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. கூர்முனை மேலே, வாய் உங்களை நோக்கி இருக்குமாறு பிடித்தால், வாய் வலப்புறம் அமையும். பொதுவாக 2 முதல் 4 செ.மீ. வரை நீளமுள்ள பழுப்பு நிற ஓட்டின் மேற்சுற்றுகள் ஒவ்வொன்றிலும் மூன்று வரிசை மணிகள் கோத்தாற்போல் தெரியும். முதிர்ந்த ஓட்டில் வாயின் வெளி உதடு தடித்து வெளிப்புறம் விரிந்திருக்கும். இளம் நத்தையில் இந்த உதடு உருவாகியிருக்காது என்பதால், அதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். வாயை அடைக்கும் மூடி வட்டமானது, மெல்லியது, பல சுருள்கள் கொண்டது. மூடியில்லாமல் கால்கள் எட்டிப் பார்த்தால், உள்ளே குடியிருப்பது துறவி நண்டு!

வகைப்பாட்டைக் குறிப்பேட்டில் இப்படி எழுதலாம்: தொகுதி மெல்லுடலிகள், வகுப்பு வயிற்றுக்காலிகள், குடும்பம் பொட்டாமிடிடே, பேரினம் பைரெனெல்லா, சிற்றினம் சிங்குலாட்டா. ஏறக்குறைய 10 செ.மீ. வரை வளரும் டெலஸ்கோப்பியம் டெலஸ்கோப்பியமும் இதே குடும்பம்தான், ஆனால் அதன் ஓட்டில் மணி வரிசைகள் கிடையா. ஜெர்மானிய இயற்கையியலாளர் கிமெலின் 1791-இல் மியூரெக்ஸ் என்ற பேரினத்தின்கீழ் விவரித்த இந்த நத்தை, பின்னர் செரிதிடியா, செரிதிடியோப்சில்லா ஆகிய பெயர்களுக்கும் மாறியதால், பழைய ஆய்வறிக்கைகளைத் தேடுவோர் அவற்றையும் சேர்த்துத் தேடவேண்டும்.

ஓட்டின் இருபுறத்தையும் அளவுகோலுடன் படமெடுத்து, தேதி, நேரம், சேற்றின் தன்மை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, உயிருள்ள நத்தையை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். மணி வரிசைகள் தேய்ந்து தெளிவின்றி இருந்தால், சிற்றினப் பெயரை எழுதாமல் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.