இரண்டு பேருக்கு எவ்வளவு பருப்பு? அறுபதுக்குப் பிறகு சமைக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

மல்லேஸ்வரம், ஜெயநகர், அல்சூர் என்று பெங்களூரில் எந்தப் பக்கம் போனாலும் நம் ஆட்கள் வீடு இப்படித்தான் இருக்கிறது. பிள்ளைகள் ஒயிட்ஃபீல்டிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வீட்டில் இரண்டு பேர், சில வீடுகளில் ஒருவர். அறுபதைத் தாண்டிய பிறகு முதன்முதலாக அடுப்பைப் பற்றவைப்பவர்கள் நிறைய. மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கும், அல்லது வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்த சமையல்கார அம்மா ஊருக்குப் போயிருப்பார்.

இந்த வீடுகளில் சாப்பாடு எப்படிச் சுருங்குகிறது என்று கவனித்திருக்கிறேன். ரெண்டு பேருக்கு எதற்கு இத்தனை என்று முதலில் பொரியல் நிற்கும். அப்புறம் பருப்பு நிற்கும். கடைசியில் மத்தியானம் தயிர்சாதமும் ஊறுகாயும், ராத்திரி ரஸ்க் அல்லது பிரெட். வயதானால் பசி குறையும், உண்மைதான். ஆனால் உடம்புக்குத் தேவையான புரதம் குறைவதில்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட கணக்கு. 60 கிலோ இருப்பவருக்கு 50 கிராம் ஆகிறது. தயிர்சாதமும் ரஸ்க்கும் அதில் பாதியைக்கூடத் தொடாது. தட்டில் வரும் வகைகளை அப்படியே விடுங்கள், பாத்திரத்தைச் சின்னதாக்குங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதல் படி: பாத்திரம்

ஐந்து பேருக்குச் சமைத்த ஏழு லிட்டர் குக்கரைப் பரணில் போட்டுவிடுங்கள். அதில் கால் டம்ளர் பருப்பு வைத்தால் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், கழுவவும் கை வலிக்கும். உங்களுக்கு வேண்டியது மூன்று லிட்டர் உயரக் குக்கர், அதற்குள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் இரண்டு அடுக்குப் பாத்திரம், அடி கனமான ஒரு சின்ன வாணலி, ஒரு லிட்டர் ரசப் பாத்திரம், 200 மில்லி பிடிக்கும் ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர். அளப்பது எல்லாம் அந்த டம்ளரால்தான். வேறு டம்ளரை எடுத்தால் கணக்கு மாறிவிடும்.

ரசத்துக்கு ஈயச் சொம்புதான் வேண்டும் என்று சிலருக்குப் பிடிவாதம் உண்டு. மணம் அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொம்பு செய்யும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். புளித்தண்ணீர் ஊற்ற மறந்து காலிச் சொம்பை அடுப்பில் ஏற்றினால் சில நிமிடங்களில் ஓட்டை விழுந்துவிடும். மறதி எட்டிப் பார்க்கும் வயதில் எவர்சில்வரே போதும்.

இரண்டாம் படி: அடுக்களையை இடம் மாற்றுவது

தினமும் எடுக்கும் அரிசி, பருப்பு, புளி, உப்பு எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தட்டில் இருக்கட்டும். ஸ்டூல் போட்டு ஏறி எடுக்க வேண்டிய எதுவும் உங்கள் சமையலில் வேண்டாம். காய் நறுக்குவதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தே செய்யலாம். தேங்காயைக் கடையிலேயே உடைத்துத் தரச் சொல்லுங்கள். துருவி, சின்ன டப்பாக்களில் ஒருநாள் அளவாகப் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மூடி நாலைந்து நாளுக்கு வரும். கேஸ் ரப்பர் குழாயில் தேதி அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். ஐந்து வருஷம் ஆகியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

மூன்றாம் படி: ஒரே குக்கரில் சாதமும் பருப்பும்

இதை நிதானமாகப் படியுங்கள். இது கைக்கு வந்துவிட்டால் மீதிச் சமையலில் பாதி முடிந்த மாதிரி.

காலையில் காபி குடித்ததும் அரை டம்ளர் துவரம்பருப்பை இரண்டு தண்ணீரில் கழுவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அரிசி வேகமாக வேகும், பருப்பு மெதுவாக வேகும். இரண்டும் ஒரே நேரத்தில் வெந்து இறங்க வேண்டுமென்றால் பருப்பு ஊறியிருக்க வேண்டும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக சென்னையைவிட இங்கே கூடுதல் நேரம் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குக்கர் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

குக்கரின் அடியில் ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, சின்னப் புளித்துண்டு ஒன்றைப் போடுங்கள். அலுமினியக் குக்கர் உள்ளே கறுத்துப்போகாது. கீழ் அடுக்கில் ஊறிய பருப்பு, ஒன்றரை டம்ளர் தண்ணீர், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், இரண்டு சொட்டு நல்லெண்ணெய். உப்பு இப்போது வேண்டாம். மேல் அடுக்கில் முக்கால் டம்ளர் சோனா மசூரி அரிசி, இரண்டேகால் டம்ளர் தண்ணீர். பல் நன்றாக இருப்பவர்களும் உதிரிச் சாதம் பிடித்தவர்களும் தண்ணீரை இரண்டு டம்ளராகக் குறைத்துக்கொள்ளலாம்.

மூடியைப் போடுமுன் அதன் ரப்பர் வளையமான கேஸ்கட்டைக் கையால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். விறைத்தோ வெடித்தோ இருந்தால் ஆவி ஓரத்தில் கசியும், விசில் வராது. மூடியில் உள்ள ஆவி போகும் துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். வெயிட்டை உடனே போடாதீர்கள். ஆவி ஒரே சீராக, பலமாக வந்த பிறகு போடுங்கள்.

இனி விசில் கணக்கு. எங்கள் மேல்மாடி மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. மாமிக்குக் கால் முடியாமல் போன பிறகுதான் சமைக்க வந்தார். முதல் நாள் என்னிடம் கேட்டது இது.

"ஏம்மா, விசிலை எண்ணிண்டே இங்கயே நிக்கணுமா? எனக்குக் காது வேற சரியாக் கேக்கலையே."

"எண்ணவே வேண்டாம் மாமா. முதல் விசில் வரும்போது பக்கத்துல இருங்கோ. வந்ததும் அடுப்பைச் சின்னதாக்கிட்டு போன்ல பன்னிரண்டு நிமிஷம் வெச்சுடுங்கோ. அடிச்சதும் அணைச்சுடலாம்."

விசிலை நம்புவதைவிட இதுவே நல்ல முறை. ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு மாதிரி விசில் அடிக்கும், நிமிடம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். போனை அதிரும்படி வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். அணைத்த பிறகு கால் மணி நேரம் தொடாதீர்கள். வெயிட்டைக் கரண்டியால் நெம்பித் தூக்குவது ஆபத்தானது. வெயிட்டைத் தொட்டால் ஆவிச் சத்தமே வராது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

திறந்ததும் மேல் அடுக்கை இடுக்கியால் எடுத்து வையுங்கள். பருப்பைக் கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு அழுத்து அழுத்திப் பாருங்கள். பருக்கை தெரியாமல் வெண்ணெய் மாதிரி பரவினால் பதம் சரி.

நான்காம் படி: அந்தப் பருப்பை மூன்றாகப் பிரிப்பது

அரை டம்ளர் துவரம்பருப்பில் சுமார் 18 கிராம் புரதம் இருக்கும், ஆளுக்கு ஒன்பது. ஒரே பண்டமாகக் கொட்டினால் பாதி மிஞ்சும். பிரித்தால் மிஞ்சாது.

இரண்டு கரண்டியைச் சிட்டிகை உப்புப் போட்டு மசித்து வைத்துவிடுங்கள். சூடான சாதத்தில் முதல் பிடி நெய்யும் பருப்பும்.

இன்னொரு கரண்டி ரசத்துக்கு. சின்ன நெல்லிக்காய் அளவு புளியை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஒரு தக்காளியைக் கையால் பிசைந்து சேர்த்து, உப்பு, துளி பெருங்காயம் போட்டுப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடுங்கள். ஏழெட்டு நிமிடம் ஆகும். அரை ஸ்பூன் மிளகும் அரை ஸ்பூன் சீரகமும் கொரகொரப்பாகப் பொடித்துப் போட்டு, பருப்பை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஓரம் முழுக்க நுரை கட்டி நடுவை நோக்கி நகரும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் மணம் போய்விடும். நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடுங்கள்.

மீதிப் பருப்பு கூட்டுக்கு. சௌசௌவைவிட நல்ல காய் இதற்கு இல்லை. பெங்களூர் கத்தரிக்காய் என்றே நம்மில் பலர் சொல்லும் அந்தக் காய் இங்கே வருஷம் முழுக்கக் கிடைக்கும், பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம். ஒரு காயைத் தோல் சீவிச் சின்னச் சதுரமாக நறுக்கி, மஞ்சள்தூளும் கொஞ்சம் உப்பும் போட்டு அரை டம்ளர் தண்ணீரில் மூடி வேகவிடுங்கள். இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல், கால் ஸ்பூன் சீரகம், பாதிப் பச்சை மிளகாய் மூன்றையும் அரைத்துப் பருப்போடு சேர்த்துக் காயில் கலந்து, ஒரு கொதி வந்ததும் தாளியுங்கள். ஹாப்காம்ஸ் கூட்டுறவுக் காய்கறிக் கடையில் விலை பலகையில் எழுதியிருக்கும். ஒரு சௌசௌ, இரண்டு கேரட் என்று தயங்காமல் வாங்குங்கள். கிலோ கணக்கில் வாங்கும் பழக்கம்தான் ஃப்ரிட்ஜில் காயை அழுக வைக்கிறது.

ஐந்தாம் படி: உப்புக் கிண்ணம்

வயது ஏற ஏற நாக்குக்கும் மூக்குக்கும் கூர்மை குறையும். உப்புப் பற்றவில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கும், கை தானாக அள்ளிப் போடும். ஒருவருக்கு ஒருநாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைத் தினமும் மனத்தில் கணக்குப் போட முடியாது. காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒன்றரை டீஸ்பூன் உப்பைத் தனியே எடுத்து வையுங்கள். அன்றைய ரசம், கூட்டு, ராத்திரி தோசைமாவு வரை அந்தக் கிண்ணத்திலிருந்துதான். ஊறுகாய், அப்பளம், பிரெட் இவற்றில் ஏற்கெனவே உப்பு இருப்பதால்தான் அரை ஸ்பூன் குறைத்துச் சொல்கிறேன். ருசி குறைந்தால் எலுமிச்சை பிழியுங்கள், மிளகு, கறிவேப்பிலை, இஞ்சியைக் கூட்டுங்கள்.

ஆறாம் படி: ராத்திரிக்கு

ராத்திரிக்குப் பெரிய வேலை வேண்டாம். கேழ்வரகு இந்த ஊரின் வரம். 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உள்ள தானியம் வேறு எது? இரண்டு பெரிய ஸ்பூன் மாவை முதலில் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதைக் கொதிக்கும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். ஐந்தாறு நிமிடத்தில் பளபளப்பு வரும். ஆறியதும் மோர் விட்டுக் குடிக்கலாம். கூடவே ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது முட்டை சாப்பிடும் வீடானால் ஒரு முட்டை. இட்லி மாவு அரைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் மாவு ஒரே ராத்திரியில் பொங்காது. முந்தின நாள் மத்தியானமே அரைத்து, மூடிய அலமாரிக்குள் வையுங்கள்.

மிஞ்சியது

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், பெரிய பாத்திரத்தோடு அல்ல, தட்டையான சின்ன டப்பாவில். குறிப்பாகச் சாதம். வெளியே நெடுநேரம் கிடந்த சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. எடுத்ததை ஒரே ஒரு முறை, ஆவி பறக்கும்வரை சுடவைத்துச் சாப்பிடுங்கள். அதிலும் மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். வீணாகிறதே என்று சாப்பிடுவது நம் தலைமுறையின் பழக்கம், இந்த வயதில் அது வயிற்றைப் படுத்தும்.

மாத்திரையும் சாப்பாடும்

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே ஃபில்டர் காபியைத் தொட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையை ஒருநாள் இரண்டு கட்டு, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று ஏற்றி இறக்காமல் வாரம் முழுக்க ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பின் அளவை டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

இரண்டாம் வாரம்

ரசமும் கூட்டும் கைக்கு வந்த பிறகு சாம்பாருக்குப் போகலாம். அன்றைக்குப் பருப்பைப் பிரிக்காமல் முக்கால் பாகத்தைச் சாம்பாருக்கே வையுங்கள். ரசத்துக்குக் கரைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் புளி, ஒரு காய், ஒன்றரை ஸ்பூன் சாம்பார்பொடி. டிசம்பரில் சமையல் தொடங்குபவர்களுக்கு அதிர்ஷ்டம், சந்தையில் இந்த ஊர் அவரைக்காய், அதாவது பச்சை மொச்சை, குவிந்திருக்கும். கால் கிலோ வாங்கி, உட்கார்ந்து கொட்டையை உரித்து, உப்பில்லாத தண்ணீரில் தனியாக வேகவைத்துச் சாம்பார் கொதிக்கும்போது சேருங்கள். மீதிக் கால் பாகப் பருப்பு வழக்கம்போல நெய்ச் சாதத்துக்கு.