அர்ஜென்டினா டாங்கோ: புதியவர்களுக்கு நடையிலிருந்து கற்பிக்கும் முறை

டாங்கோ கற்பிக்கத் தொடங்கும் பலர், முதல் வகுப்பிலேயே எட்டு அடிகள் கொண்ட ஒரு வரிசையை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அதை நான் பரிந்துரைப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவனோஸ் அயர்ஸ், மொண்டேவிடியோ ஆகிய துறைமுக நகரங்களின் எளிய மக்களிடையே உருவான இந்த நடனத்தில், அடுத்த அடி எதுவென்று இருவரும் ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் முடிவாகிறது. மனப்பாடமான வரிசை அந்தக் கவனிப்பையே மழுங்கடித்துவிடும். ஆகவே முதல் சில வாரங்களை முழுக்க நடைக்கே ஒதுக்குங்கள்.

இசையிலிருந்து தொடங்குவோம். கார்லோஸ் டி சார்லியின் இசைக்குழு 1950களில் பதிவு செய்த, பாடலில்லாத இசைத்துண்டுகள் புதியவர்களுக்கு மிகவும் ஏற்றவை. அவற்றில் தாளம் நிதானமாகவும் தெளிவாகவும் கேட்கும். ஹுவான் டாரியென்சோவின் துடிப்பான இசையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மாணவர்கள் ஜோடி சேராமல், தாளத்துக்கு ஓரடி வீதம் அரங்கைச் சுற்றி நடக்கட்டும்.

அடுத்து, ஓர் அடியைப் பிரித்துக் காட்டுங்கள். உடல் எடை முழுவதும் ஒரே காலில் இருக்க வேண்டும். அந்த முழங்கால் சற்றே தளர்ந்திருக்க, மற்றொரு கால் இடுப்பிலிருந்து நீண்டு தரையை வருடிச் செல்லும். பிறகுதான் எடை மாறும். எடை மாறியதும் பின்தங்கிய கால் வந்து, கணுக்கால்கள் ஒன்றையொன்று உரசும் அளவுக்குச் சேர வேண்டும். பெரும்பாலான தள்ளாட்டம், எடை பாதி அங்கும் பாதி இங்குமாக நிற்பதால் வருவதே. ஒவ்வோர் அடிக்குப் பின்னும் நிறுத்தி, 'இப்போது எந்தக் காலைத் தூக்க முடியும்?' என்று கேட்டுப் பாருங்கள். உடனே தூக்க முடியாதவர் எடையை முழுதாக மாற்றவில்லை என்று பொருள்.

ஜோடியாக நிற்கும்போது உடனே அணைப்புக்குப் போக வேண்டாம். பின்தொடர்பவர் தம் இரு உள்ளங்கைகளையும் வழிநடத்துபவரின் மார்பின் மேற்பகுதியில் வைக்கட்டும். வழிநடத்துபவரின் கைகள் தொங்கியே இருக்கட்டும். மார்பு முன்னே நகர்ந்தால் உள்ளங்கை அதை உணரும், கால் பின்னே நீளும். கைகளால் தள்ளவோ இழுக்கவோ வழியே இல்லாததால், அழைப்பு உடலிலிருந்து வருவதை இருவரும் புரிந்துகொள்வார்கள். பாட்டுக்குப் பாட்டு பாத்திரத்தை மாற்றச் சொல்லுங்கள். ஆணோ பெண்ணோ, எல்லோரும் இரண்டு பக்கங்களையும் அறிய வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நடை நிலைபெற்ற பிறகு பக்கவாட்டு அடி, பின்தொடர்பவரின் இடது கால் வலது காலுக்கு முன்னே குறுக்கிடும் குரூசாதா, முன்பாதத்தில் திரும்பி எட்டு வடிவில் நகரும் ஓச்சோ ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

பயிற்சி நேரத்தின் இறுதியில் ஒரு சிறிய மிலோங்கா, அதாவது எல்லோரும் கூடி ஆடும் டாங்கோ நிகழ்ச்சி, நடத்துவது அவசியம். மூன்று அல்லது நான்கு பாடல்கள் கொண்ட தாண்டா, இடையில் வேறு வகை இசையில் ஒரு சிறு கொர்த்தினா என்ற வழக்கமான ஒழுங்கிலேயே ஒலிக்க விடுங்கள். ஜோடிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வரிசையாகச் செல்ல வேண்டும். முன்செல்பவரை முந்தவும் கூடாது, ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கிப் பெரிய அடி வைக்கவும் கூடாது. கண்ணால் அழைத்துத் தலையசைப்பால் சம்மதிக்கும் கபெசேயோவையும் இங்கேயே பழக்குங்கள். அழைப்பை ஏற்க விரும்பாதவர் பார்வையைத் திருப்பிக்கொண்டால் போதும் என்பதால், கூச்சமுள்ள புதியவருக்கு அது பெரிய ஆறுதல்.

குழுவினர் மேடையேற விரும்பினால், முழு நடனத்தையும் அடியடியாக வடிவமைக்காதீர்கள். பழைய இசைத்தட்டுப் பதிவுகள் ஏறக்குறைய மூன்று நிமிடமே நீள்பவை. அத்தகைய ஒன்றைத் தேர்ந்து, பலமுறை கேட்டு, இசைத்தொடர் எங்கே முடிகிறது, அக்கார்டியன் போன்ற துருத்தி இசைக்கருவியான பாண்டோனியோன் எங்கே நீண்டு ஒலிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கம், இரண்டு நிறுத்தங்கள், முடிவு ஆகியவற்றை மட்டும் உறுதி செய்துவிட்டு, இடைப்பட்டதை அந்த நேரத்து நடைக்கு விடுங்கள். பல டாங்கோக்கள் 'சான்-சான்' என்ற இரு சுரங்களில் முடியும்; இரண்டாவது சுரம் சில பதிவுகளில் மிக மெல்லியதாகவோ சற்றுத் தாமதமாகவோ வரும் என்பதால், இறுதி அசைவைத் தேர்ந்தெடுத்த அதே பதிவோடு தனியே ஒத்திகை பாருங்கள்.