பிளஸ் டூ இயற்பியல்: 24, 33ஆம் கேள்விகளிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கும், அவர்களோடு உட்கார்ந்து படிக்கிற வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். போன வருடம் என் அக்கா மகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். முதல் பாடத்தில் ஆரம்பித்து வரிசையாகப் போவதைவிட, வினாத்தாளின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு பாடத்துக்கு வந்தால் படிப்பு நேராகப் போகிறது என்பதை அப்போது கண்கூடாகப் பார்த்தேன்.

படி 1: பத்து மதிப்பெண்ணை இப்போதே பத்திரப்படுத்துங்கள்

இயற்பியலின் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. அந்தப் பத்தில் வருகைப் பதிவுக்கு 2, பள்ளியில் வைக்கும் தேர்வுகளுக்கு 4, ஒப்படைப்பு அல்லது செயல்திட்டம் அல்லது களப்பயணத்துக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. இவை ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்பவை. மார்ச் மாதம் விழுந்து விழுந்து படித்தாலும் இவற்றைத் திரும்பப் பிடிக்க முடியாது.

ஒப்படைப்பின் முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, பிரிவு, பாடம், தலைப்பு, கொடுக்கும் தேதி எல்லாம் இருக்கட்டும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவையுங்கள். ரெக்கார்டு நோட்டும் அப்படித்தான். சோதனை செய்த வாரத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு முந்தின இரவு மொத்தத்தையும் எழுதுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த இரவில் வாய்மொழிக் கேள்விகளைப் பார்க்கலாம், நன்றாகத் தூங்கலாம். எழுதிக்கொண்டு உட்காரக் கூடாது.

படி 2: தாளின் அமைப்பை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள்

1 முதல் 15 வரை ஒரு மதிப்பெண். 16 முதல் 24 வரை இரண்டு மதிப்பெண், ஒன்பதில் ஆறு எழுத வேண்டும். 25 முதல் 33 வரை மூன்று மதிப்பெண், இங்கும் ஒன்பதில் ஆறு. 34 முதல் 38 வரை ஐந்து மதிப்பெண், ஐந்துமே எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு. கூட்டினால் 15, 12, 18, 25. மொத்தம் 70.

ஒரு மதிப்பெண் பகுதியைப் பற்றி ஒன்றே ஒன்று. விடையின் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். (ஆ) என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். குறியீடு சரியாக இருந்து விடை தப்பாக இருந்தாலும், விடை சரியாக இருந்து குறியீடு மாறியிருந்தாலும் பூஜ்யம்தான்.

படி 3: கட்டாய வினா

பலரும் சறுக்குகிற இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

‘எவையேனும் ஆறு வினாக்களுக்கு விடையளி’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘24ஆம் வினாவுக்குக் கட்டாயமாக விடையளிக்க வேண்டும்’ என்றும் இருக்கும். மூன்று மதிப்பெண் பகுதியில் அதே நிபந்தனை 33ஆம் வினாவுக்கு. அரையாண்டுத் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து என் அக்கா மகள் கேட்டாள்: “சித்தி, ஆறும் சரியாத்தானே எழுதியிருக்கேன், ஏன் பத்துதான் போட்டிருக்காங்க?” அவள் 16 முதல் 23 வரைக்குள்ளேயே ஆறு எழுதியிருந்தாள். 24ஐத் தொடவில்லை. அப்போது அந்த ஆறில் ஐந்துக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும்.

இந்த இரண்டு இடங்களிலும் பெரும்பாலும் கணக்குதான் வரும். எந்தப் பாடத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. ‘இந்த நாலு பாடம் போதும், சாய்ஸ் இருக்கு’ என்கிற திட்டம் உடைவது இங்கேதான். அதனால் 11 பாடங்களிலும் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்குகளை, விடையை மூடிவைத்துவிட்டு, தினம் இரண்டு கணக்காவது போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அலைநீளம் 6600 ஆங்ஸ்ட்ராம் கொண்ட ஃபோட்டானின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் கேட்கிறார்கள். முதல் வரியில் சூத்திரம்: ஆற்றல் = பிளாங்க் மாறிலி × ஒளியின் வேகம் ÷ அலைநீளம். அடுத்த வரியில், 6600 ஆங்ஸ்ட்ராமை 6.6 × 10⁻⁷ மீட்டராக மாற்றிப் பிரதியிடுங்கள்: 6.6 × 10⁻³⁴ × 3 × 10⁸ ÷ 6.6 × 10⁻⁷. மேலும் கீழும் 6.6 அடிபட்டுப் போகும், அடுக்குகளைக் கூட்டிக் கழித்தால் 3 × 10⁻¹⁹ ஜூல். இங்கே நிறுத்திவிடுகிறார்கள்! கேட்டது எலக்ட்ரான் வோல்ட். 1.6 × 10⁻¹⁹ ஆல் வகுத்தால் 1.875 எலக்ட்ரான் வோல்ட். கடைசியில் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் போகும். விடையே வராவிட்டாலும் சூத்திரத்தையும் பிரதியிட்ட வரியையும் எழுதிவிடுங்கள், அவற்றுக்குத் தனியாக மதிப்பெண் உண்டு.

கால்குலேட்டர் கிடையாது. வீட்டிலும் தொடாதீர்கள். பத்தின் அடுக்குகளைக் கையால் கூட்டிக் கழிக்கிற வேகம் பழகப் பழகத்தான் வரும்.

படி 4: எதை வைத்துப் படிப்பது

அரசுப் பாடநூலின் இரண்டு தொகுதிகளும் பழைய வினாத்தாள்களும் போதும் என்பது என் உறுதியான கருத்து. கைடு வாங்கினால் விடை கண்ணெதிரே இருக்கும், யோசிக்கிற வேலை நின்றுபோகும். பழைய தாளோடு விடைக்குறிப்பும் கிடைத்தால் விடாதீர்கள். எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்று அதில் பிரித்துப் போட்டிருப்பார்கள். பேனா பால் பாயின்ட்டாக இருக்கட்டும். ஜெல் மை சில தாள்களில் பின்பக்கம் வரை ஊறி, மறுபக்கத்து எழுத்தைக் கெடுக்கிறது. நீலம் அல்லது கருப்பு மட்டும். படம் பென்சிலில்.

படி 5: தேர்வறையில்

10 மணிக்கு வினாத்தாள் கையில் வரும். முதல் பத்து நிமிடம் படிக்க மட்டும், அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத. அந்தப் பத்து நிமிடத்தில் முதலில் 24, 33 இரண்டையும் படியுங்கள். அடுத்து 34 முதல் 38 வரை ‘அல்லது’வின் இரண்டு கேள்விகளில் எதை எழுதுவது என்று முடிவுசெய்யுங்கள். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

நாங்கள் போட்ட நேரக் கணக்கு: ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 30, மூன்று மதிப்பெண்ணுக்கு 48, ஐந்து மதிப்பெண்ணுக்கு 70. சரிபார்க்க 17 நிமிடம் மிஞ்சும். திருப்புதல் தேர்வுகளில் இதை ஓட்டிப் பார்த்து உங்கள் கை வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு சேர்த்தது

‘செய்முறையும் அக மதிப்பீடும் சேர்ந்து 30 வந்துவிட்டால், எழுத்துத் தேர்வில் 5 எடுத்தால் பாஸ்தானே?’ என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் கேட்டிருந்தார். இல்லை. மொத்தம் 35 வேண்டும், அதோடு எழுத்துத் தேர்வில் மட்டும் 70க்குக் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும்.

இன்னொருவர் மறுமதிப்பீடு பற்றிக் கேட்டார். முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். நகல் வந்ததும் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாட ஆசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள். கடைசித் தேதி நெருக்கமாக இருக்கும், அதனால் நகல் வந்த அன்றே ஆசிரியரைப் பார்த்துவிடுவது நல்லது.