நண்பனுக்கு கேமிங் பிசி பார்ட்ஸ் வாங்கப் போகிறீர்களா?

முதலில் அவனிடம் கேட்க வேண்டியது பட்ஜெட் இல்லை, மானிட்டர் என்ன என்பதுதான். 1080பி (ஃபுல் எச்டி) மானிட்டர் என்றால் ஆர்எக்ஸ் 6600 மாதிரி 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டே தாராளம், காசில் பெரும்பங்கு இதற்குப் போகட்டும்.

பிராசசரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். என் நண்பனுக்கு வாங்கப் போனபோது கடைக்காரர், "ரைசன் 5 5600ஜி எடுத்துக்கோங்க தம்பி, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு" என்று விடாமல் சொன்னார். தனி கார்டு வாங்காதவர்களுக்கு அது சரி. கார்டும் சேர்த்து வாங்குகிறவனுக்கு ரைசன் 5 5600 தான் நல்லது, ஏனென்றால் இரண்டிலும் 6 கோர் இருந்தாலும் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இதில் 32 எம்பி, ஜி மாடலில் 16 தான், கேமில் அந்த வித்தியாசம் தெரியும்.

ரேம் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக டிடிஆர்4 3200 வாங்கி, பயாஸில் (பிசி தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் பவர் சப்ளை. கேபினெட்டோடு இலவசமாக வருவதைத் தொடாதீர்கள், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) தரச்சான்று உள்ள 550 வாட் ஒன்று தனியாக வாங்குங்கள். ஆர்ஜிபி விளக்கு தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் மாட்டியும் திரை கறுப்பாகவே இருந்தால் பதறாதீர்கள், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகியிருப்பான். 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, அதனால் கார்டில்தான் சொருக வேண்டும். நாங்கள் அரை மணி நேரம் முழித்தோம்.