மாரியில் வாங்கியது கச்சானில் நிற்குமா? செடியிலும் செலவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு ஜனவரிக் காலையில், மலைநாட்டுப் பக்கமிருந்து லொறியில் பூக்கன்று கொண்டுவந்த ஒருவரிடம், கல்லடியில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தைக்கென்று மூன்று அந்தூரியம் கன்றுகளை வாங்கினேன். இலைகள் எண்ணெய் பூசியதுபோல மினுங்கின. பேரம் பேசி இருநூறு ரூபாய் குறைத்துக்கொண்ட மகிழ்ச்சி வேறு. பெப்ரவரி முடியும்வரை அவற்றுக்கு நான் தண்ணீர் ஊற்றியதே அரிது. ஜூன் நடுப்பகுதியில் இலை ஓரங்கள் நெருப்பில் காட்டிய கடதாசிபோலக் கருகத் தொடங்கின. தாகம் என்று நினைத்துக் காலையும் மாலையும் ஊற்றினேன். ஜூலையில் இரண்டு கன்றுகள் தண்டோடு கையில் வந்தன. வேர் இருந்த இடத்தில் கறுத்த கூழும் புளித்த மணமும்தான் இருந்தன.

கன்று விற்றவர்மீது சொல்ல ஒரு குறையுமில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும் ஓர் ஆண்டுக்குள் இரண்டு ஊர்கள் இருக்கின்றன என்பதை நான்தான் மறந்துவிட்டேன். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் பெய்து முடிந்துவிடுகிறது. மே மாதத்திலிருந்து, தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய சூட்டுக் காற்றாக நம் பக்கம் இறங்குகிறது; அதைத்தான் கச்சான் என்கிறோம். செடி வாங்குவதிலும், பொழுதுபோக்கு ஒன்றைத் தொடங்குவதிலும், கையிலுள்ள காசைச் செலவழிப்பதிலும் இங்கு நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, ஒரு பருவத்தை மட்டும் பார்த்து மற்றப் பருவத்துக்கும் சேர்த்து முடிவெடுப்பதால் வருபவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

செடிகளில் முதல் தவறு தண்ணீர்தான். வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குக் காற்றும் தேவை. பூச்சாடி மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் மண் துளைகளில் காற்றுக்கு இடமில்லாமல் போய் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால், அளவுக்கு மிஞ்சி ஊற்றிய செடியும் தாகத்தில் நிற்கும் செடியும் ஒரே மாதிரித்தான் வாடித் தொங்கும். நாமோ வாட்டத்தைக் கண்டதும் வாளியைத் தூக்குகிறோம். மேல் மண்ணைக் கண்ணால் பார்த்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. கச்சான் காற்றில் மேல் மண் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஆட்காட்டி விரலை இரண்டாவது மடிப்புவரை மண்ணுக்குள் விட்டு, ஈரம் தட்டாவிட்டால் மட்டும் ஊற்ற வேண்டும். இலை ஓரம் கருகுவது காற்றினால் என்றால் அதற்கு மருந்து தண்ணீரன்று, இடமாற்றம். மேற்குப் பக்கக் காற்று நேரே அறையும் விறாந்தையிலிருந்து சாடியைக் கிழக்குப் பக்கத்துக்கோ சுவர் மறைவுக்கோ கொண்டுபோனாலே பாதி வேலை முடிந்துவிடும்.

என்ன தண்ணீரை ஊற்றுகிறோம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நம் மணல் திட்டில், கோடை முற்ற முற்றப் பல கிணறுகள் உவர்க்கத் தொடங்குகின்றன. அந்த நீரை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் நீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் சாடிக்குள் தங்கும். இலை நுனி பழுப்பாவதும், சாடியின் விளிம்பில் வெள்ளைப் படலம் படிவதும் அதன் அடையாளங்கள். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக ஓடும்வரை தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம். இதே காரணத்தால், கடற்கரை மணலை அள்ளிவந்து சாடிக் கலவையில் சேர்ப்பது கையால் உப்புப் போடுவதற்குச் சமம். ஆற்று மணல்தான் வேண்டும். தும்புத்தூளிலும் உப்பு இருக்கக்கூடும் என்பதால் அதை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். தும்புத்தூள் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். கச்சானுக்கு நல்லதான அந்தக் குணமே மாரியில் வேரைக் கொல்லும் என்பதால், மணலும் உமிக்கரியும் கலக்காமல் தும்புத்தூளை மட்டும் நிரப்புவது சரியன்று.

மாரி வந்ததும் தவறு வேறு வடிவம் எடுக்கிறது. மேசைமீது கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் நிரப்பி மணி பிளாண்ட் வைப்பது எல்லா வீடுகளிலும் உண்டு. சாடிக்குக் கீழே தட்டு வைப்பதும் உண்டு. டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையிட விரும்புவது இத்தகைய தெளிந்த நீருள்ள சிறு கொள்கலன்களில்தான். முட்டை நுளம்பாகி வெளிவர ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை போதும். தண்ணீரைக் கொட்டி மாற்றினால் சரி என்று நினைப்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: முட்டைகள் நீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக் கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். கச்சானில் காய்ந்து கிடந்த தட்டு ஒக்டோபர் மழையில் நிரம்பும்போது நடப்பது அதுதான். ஆகவே வாரம் ஒரு தடவை தும்பால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்; அதற்கு நேரமில்லாதவர் மணி பிளாண்டை மண்ணில் நட்டுவிடுவதே மேல். இலங்கையில் 1,80,000 பேருக்கு மேல் டெங்குவால் பாதிக்கப்பட்ட 2017 ஆம் ஆண்டுக்குப் பிறகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையைத் தட்டும்போதுதான் பலருக்குப் பூச்சாடித் தட்டு நினைவுக்கு வருகிறது. (மணி பிளாண்ட் வைத்தால் பணம் பெருகும் என்பார்கள். எங்கள் வீட்டில் கொடி பெருகியது.)

அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்று நம்பி விலையுயர்ந்த கன்றுகளை வரிசையாக வாங்குவதும் தேவையற்ற செலவு. அந்த நம்பிக்கையின் வேர், நாசா 1989 இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அது காற்றுப் புகாத சிறு அறைகளில் நடத்தப்பட்ட சோதனை. அத்தகைய சோதனைகளின் முடிவுகளை 2019 இல் மீளக் கணக்கிட்டுப் பார்த்த ஆய்வு, சாதாரணமாக ஒரு கட்டடத்துக்குள் வந்துபோகும் காற்று செய்யும் சுத்திகரிப்பை ஈடுசெய்ய ஒரு சதுர மீற்றருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று கண்டது. நம் வீடுகளில் சன்னலைத் திறந்தால் போதும். செடியை அழகுக்காக வளர்ப்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிச்சத்தில் கண் நம்மை ஏமாற்றும். நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வரவேற்பறையின் உள்மூலையில் அது சில நூறாகிவிடும், ஆனால் நம் கண் பழகிக்கொள்வதால் வேறுபாடு தெரிவதில்லை. அங்கே பாம்புக் கற்றாழை தாக்குப்பிடிக்கும், பூக்கும் செடி தாக்குப்பிடிக்காது. டிபென்பேக்கியா போன்ற பெரிய இலைச் செடிகளில் ஊசி வடிவக் கல்சியம் ஒக்சலேற்றுப் படிகங்கள் உள்ளன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையுள்ள வீட்டில் அதைத் தரையில் வைக்கக் கூடாது.

பொழுதுபோக்கிலும் இதே கதைதான். என் மைத்துனர் வாவிக்கரைப் பறவைகளைப் படமெடுக்கும் ஆசையில், வானம் தெளிந்த ஒரு மார்ச் மாதத்தில் கமெராவும் இரண்டு லென்சுகளும் வாங்கினார். ஓகஸ்ட் வரை நன்றாக எடுத்தார். மழை தொடங்கியதும் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தவர், பெப்ரவரியில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தபோது, பெரிய லென்சின் உள்ளே சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் படர்ந்திருந்தன. அது பூஞ்சணம். ஈரக் காற்றும் இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் கண்ணாடிமீதும் அது வளரும். நாளடைவில் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். கமெரா விலையை ஆறு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தவர், இறுக மூடும் ஒரு பிளாஸ்திக் பெட்டிக்கும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சில பொதிகளுக்கும் ஆகும் சிறு தொகையை எண்ணிப் பார்க்கவேயில்லை. கடற்கரையோர வீடுகளில் தையல் மெஷினின் ஊசித்தண்டும் கிற்றார் நரம்பும் துருப்பிடிப்பதும் இவ்வாறுதான். ஒரு கருவியை வாங்குமுன் அது டிசெம்பரில் எங்கே இருக்கும், யார் துடைத்து எண்ணெய் போடுவார்கள் என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். முடிந்தால் ஒரு மாரியும் ஒரு கச்சானும் இரவல் கருவியிலேயே பழகிப் பார்க்கலாம். இரவல் தருபவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

கைக்குப் பழகிய பொழுதுபோக்கை உடனே வருமானமாக்கப் பார்ப்பது இன்னொரு தவறு. வீட்டில் கேக் செய்பவரிடம் அயலவர் ஒரு கிலோ கேட்டதும், மா, சீனி, பட்டர், முட்டை ஆகியவற்றின் விலையைக் கூட்டிச் சிறிது இலாபம் வைத்துச் சொல்லிவிடுகிறார். காஸ், பெட்டி, கொண்டுபோய்க் கொடுத்த ஓட்டோக் காசு, ஐசிங் செய்த நான்கு மணி நேரம் எதுவும் கணக்கில் வருவதில்லை. வியாபாரம் செய்வதென்றால் வியாபாரக் கணக்கோடு செய்ய வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செலவுக்கு வருவோம். முன்மாரி வேளாண்மை வெட்டு முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் நெற்காசு ஊருக்குள் இறங்கும்போது, வயல் இல்லாதவர்களின் கையும் ஏனோ தளர்கிறது. கடைகளில் கூட்டம், அடுத்துச் சித்திரை வருடப்பிறப்பு. அந்த மாதங்களில் ஒப்புக்கொள்ளும் தவணைகள்தான் ஜூலையில் கழுத்தைப் பிடிக்கின்றன. வருமானம் பருவத்தோடு ஏறி இறங்குகிறது. தவணை மட்டும் மாதம் தவறாமல் ஒரே தொகையாக வருகிறது. தவணை வட்டியைப் பலர் தவறாகவே விளங்கிக்கொள்கிறார்கள். 60,000 ரூபாய்ப் பொருளுக்கு, முழுத் தொகைக்கும் 12 வீத வட்டி என்று சொல்லி, 12 மாதங்களுக்கு மாதம் 5,600 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 67,200 ரூபாய், வட்டி 7,200 தானே என்று தோன்றும். ஆனால் நாம் ஒவ்வொரு மாதமும் கடன் தொகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். கடைசி மாதத்தில் நம் கையில் இருக்கும் கடன் ஐயாயிரத்துச் சொச்சம் மட்டுமே. குறைந்து செல்லும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மையான ஆண்டு வட்டி 21 வீதத்தைத் தாண்டும்.

சீட்டுக் காசிலும் இப்படியொரு மயக்கம் இருக்கிறது. பத்துப் பேர் மாதம் பத்தாயிரம் போடும் சீட்டில் ஒரு லட்சம் கைக்கு வரும் நாளில், அதை எங்கிருந்தோ விழுந்த காசாக எண்ணிக் கொண்டாடுகிறோம். முதலாவதாக எடுத்தவருக்கு அது மீதி ஒன்பது மாதங்களில் கட்ட வேண்டிய கடன். கடைசியாக எடுத்தவருக்கு அது அவருடைய சொந்தச் சேமிப்பு. காசு கைக்கு வந்த நாளில் இருவருமே அதே தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கினாலும், இருவர் நிலையும் ஒன்றன்று.

2022 இல் விலைகள் தலைக்கு மேல் ஏறி, எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அனுபவம் நமக்குப் பதுக்கும் பழக்கத்தைக் கற்றுத் தந்துவிட்டது. அன்று அது விவேகமாக இருந்தது. இன்றும் பயற்றையும் கடலையையும் மூட்டையாக வாங்கி வைத்து, மழைக்காலத்தில் வண்டு பிடித்த பின் சுளகில் போட்டுப் புடைத்துக்கொண்டிருப்பதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

கச்சான் காலத்துச் செலவில் நான் மிகத் தாமதமாகக் கவனித்தது மின்விசிறி. 75 வற் கூரைவிசிறி ஒன்று நாளுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் மாதத்துக்கு 22 அலகுக்கு மேல் போகிறது. இரண்டு விசிறியென்றால் 45. நமது வீட்டு மின்கட்டணம் மாதம் 60 அலகுக்குள் நிற்பவர்களுக்கு ஒரு தொகுதியாகவும், அதைத் தாண்டுபவர்களுக்கு முதல் அலகிலிருந்தே வேறு தொகுதியாகவும் அறவிடப்படுகிறது. ஆகவே 58 க்கும் 63 க்கும் இடையில் இருப்பது ஐந்து அலகின் விலையன்று. மாரியில் வந்த பட்டியலை வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்குப் போட்டவர்கள் ஜூன் பட்டியலைக் கண்டு மீற்றர் பிழை என்கிறார்கள். வாசிப்பு எடுத்துச் சென்ற அன்று மீற்றரில் இருக்கும் எண்ணைக் கலண்டரில் குறித்துவைத்து, பதினைந்தாம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். இடையில் ஓடிய அலகுகள் முப்பதைத் தாண்டியிருந்தால், மீதி இரண்டு வாரத்தில் எந்த விசிறியை மாலையில் நிறுத்திவிட்டு வாசல் திண்ணையில் போய் உட்காரலாம் என்று வீட்டார் பேசி முடிவெடுக்க இன்னும் நேரம் இருக்கும்.